விதைச் சாக்கில் போன நோட்டு

என் வயதுக்காரர்களே, எதையாவது பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வைத்த இடம் மறந்து வீட்டைப் புரட்டிப் போடுவது இப்போது நமக்கெல்லாம் அன்றாட வேலையாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி, பீரோ சாவி, மாத்திரைச் சீட்டு. நானும் விதிவிலக்கு இல்லை. ஆனால் பத்து வயதில் ஒரு பொருளை ஒளித்து வைத்தேன். அந்த இடம் மட்டும் ஐம்பது வருஷமாக ஒரு நாள்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊர். ஓடிக்கொண்டிருந்த பஸ்களை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மதகுக்கு இந்தப் பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, அந்தப் பக்கம் சிவப்புக் கொடி. அப்பா மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். குத்தகைக்காரனை இனி நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருப்பதாக விவசாயச் சங்கத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மிராசுதார் வீட்டுக் காரியக்காரரோ, "சட்டம் சென்னையில இருக்கு, நெலம் இங்கதானே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

என் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டவுனில் பஸ் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தான். அது என்ன வேலை என்று ஊருக்குப் புரிய வைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று வருஷம். வாரத்தில் ஐந்து நாள் பட்டறையில் எஞ்சினோடு வேலை. சனிக்கிழமை தொழிற்பயிற்சி நிலையத்தில் வகுப்பு, அங்கே கணக்கும் படம் வரைதலும். மாதம் பிறந்தால் உதவித்தொகை. கடைசியில் பரீட்சை எழுதித் தேறினால் அரசாங்கச் சான்றிதழ், அதை வைத்து அதே பட்டறையில் நிரந்தர மெக்கானிக்.

டீக்கடையில் அவனைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏம்ப்பா, நீ அங்க வேலைக்காரனா, படிக்கிற புள்ளையா?"

"ரெண்டுந்தாங்க."

"படிக்கிறவன்னா நீ காசு கட்டணும். உனக்கு அவங்க காசு தர்றாங்கங்கற. யாரு தலையில மொளகா அரைக்கிற?"

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்துவிடுவான். அப்பாவுக்கும் இது பிடிபடவில்லை. "வயல்னா வயலு, பள்ளிக்கூடம்னா பள்ளிக்கூடம். இது என்ன ரெண்டுங்கெட்டான் பொழப்பு" என்பார். அம்மா மட்டும் வேறு மாதிரி. அண்ணனுடைய காக்கிச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக எடுத்துப்போய்த் துவைப்பாள். கிரீஸ் கறை போகாது. போகாத கறையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடியில் எல்லாரும் பார்க்கிற பக்கமாகக் காயப் போடுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கைநாட்டுதான்.

அண்ணனிடம் ஒரு நோட்டு இருந்தது. லாக் புக் என்பான். காக்கி அட்டை, முதுகில் சிவப்புத் துணி, கணக்குப் பிள்ளையின் பேரேடு அளவுக்குத் தடிமன். இடது பக்கத்தில் அந்த வாரம் செய்த வேலையை எழுத வேண்டும். வலது பக்கத்தில் அதன் படம். அடியில் ஃபோர்மேன் கையெழுத்து. மாதம் ஒருமுறை வட்டமான ஊதா சீல். அந்த நோட்டு முழுசாக இருந்தால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். வேலை பார்த்தான் என்பதற்கும் படித்தான் என்பதற்கும் அது ஒன்றுதான் சாட்சி என்று அண்ணன் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை விரித்து வைத்து அண்ணன் படம் வரைவான். பென்சில் சீவிக் கொடுப்பது என் வேலை. பிறகு அவன் கண்ணை மூடிக்கொள்வான், நான் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். கிளட்ச் எதற்கு, கியர் பாக்ஸில் எத்தனை சக்கரம், பிரேக் பிடிக்காவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும். எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. பக்கங்களில் டீசல் வாசனை அடிக்கும். அவன் விரல்களிலும் அதே வாசனைதான். தவிடும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும்.

நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன். ஆறாவது வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். பெண்பிள்ளையை அத்தனை தூரம் அனுப்புவதா என்று அப்பா இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் சொன்னான்: "நான் பாஸ் பண்ணி நிரந்தரமாயிடறேன் பாப்பா. ஒன்னைச் சேத்து விடறது எம் பொறுப்பு." ஆக அந்த நோட்டில் அவன் வேலை மட்டும் இல்லை, என் பள்ளிக்கூடமும் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த ஆனி மாதம் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம். அடுத்த ஊரில் காரியக்காரர் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்து, குத்தகை நெல் அளந்ததற்கு அவரே எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். சீட்டு போனால் குத்தகைக்காரன் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பருவத்தில் யார் விதை தெளிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் நிலம் நிற்கும் என்று ஆகிவிட்டது. குறுவை விதைநெல் ஒரு சாக்கு எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. சாயங்காலம் வாய்க்காலில் ஊறப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் நோட்டோடு வந்திருந்தான். கடைசி வாரத்துப் படம் ஒன்றுதான் பாக்கி. புதன்கிழமைக்குள் பட்டறை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அவன் குளிக்க ஆற்றுக்குப் போனான். அம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். அப்பா நாற்றங்காலுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்தா பாரு, நீதான் படிச்ச புள்ள. அவனுங்க வந்தாலும் வருவானுங்க. சீல் குத்தின காயிதம், கையெழுத்துப் போட்ட காயிதம், ஒண்ணுகூட அவனுங்க கையில சிக்கக் கூடாது. எங்கயாச்சும் மறைச்சு வச்சிரு."

அப்பா சொன்னது குத்தகைச் சீட்டுகளை. நாலைந்து துண்டுக் காகிதம். அவற்றைப் புளிப்பானைக்குள் அமுக்கினேன். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சீல் குத்திய காகிதம், கையெழுத்துப் போட்ட காகிதம். எங்கள் வீட்டிலேயே அதிகமாகச் சீலும் கையெழுத்தும் இருந்த பொருள் அண்ணனுடைய நோட்டுதான். படித்த பிள்ளை அல்லவா, எண்ணியே வைத்திருந்தேன். முப்பத்தைந்து சீல்.

புளிப்பானையில் அது நுழையவில்லை. அரிசிப்பானைக்குள்தான் முதலில் கையை விடுவார்கள் என்று தோன்றியது. ஜீப் சத்தம் கேட்டது. விதைச் சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்து, முழங்கை புதையும்வரை நெல்லுக்குள் நோட்டைச் செருகி, மறுபடி கட்டினேன். அந்த நெல்லின் குளிர்ச்சி இன்னும் கையில் இருக்கிறது.

போலீசார் பானைகளை உருட்டினார்கள், கூரையில் தடியை விட்டுக் குத்தினார்கள். சாக்கை ஒருவர் காலால் தட்டிப் பார்த்தார். நெல்தான் என்று விட்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அப்பாவை வயலிலிருந்து சேற்றுக்காலோடு கூட்டி வந்தார்கள். அண்ணன் ஈரத்தலையோடு ஓடி வந்து, "சார், எங்கப்பாவை எதுக்குங்க..." என்று ஆரம்பித்தான். அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஜீப் பின்னால் மதகுவரை ஓடிவிட்டுத் திரும்பினாள். வந்த கையோடு என்னைத் தன் தம்பியோடு, அதாவது என் மாமாவோடு, குடவாசலுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். நோட்டைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு நினைவே வரவில்லை. பஸ் கிளம்பிப் பாதி வழியில்தான் வந்தது. மாமாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் இல்லாவிட்டால் பெண்கள் விதைப்பார்கள் என்று மிராசுதார் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே அம்மா பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு சாக்கைத் தூக்கிப்போய் வாய்க்காலில் போட்டு, கரையில் முளைக்குச்சி அடித்துக் கட்டிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் கரையேற்றி, வைக்கோலால் மூடி, மேலே கல்லை ஏற்றினாள். செவ்வாய் முழுக்க விதை உள்ளே சூடேறி முளைத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனை விட்டுவிட்டார்கள். அப்பாவை விட இன்னும் பத்து நாள் ஆயிற்று. அண்ணன் வந்தவுடன் தேடியது நோட்டைத்தான். போலீஸ்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, புதன்கிழமை விடிந்ததும் ஸ்டேஷனுக்கே திரும்பிப் போய், "சார், என் லாக் புக்கைக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டிருக்கிறான். கன்னத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டு நாற்றங்கால் வரப்பில் வந்து நின்றான். அதே நேரத்தில்தான் நானும் மாமாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே ஓடி வந்தேன்.

அம்மா சாக்கைப் பிரித்துவிட்டிருந்தாள். முளைகட்டிய நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். புளிப்பும் இனிப்புமாக, வெதுவெதுவென்று மூக்கில் ஏறும். அம்மா இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளினாள். அப்புறம் அவள் கை நின்றுவிட்டது.

வெளியே எடுத்தபோது அது நோட்டு என்று சட்டென்று தெரியவில்லை. உப்பிப் போயிருந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வெள்ளை வேர்கள் இறங்கித் தாள்களை ஒன்றோடொன்று தைத்திருந்தன. மசி ஓடி, சீல்கள் எல்லாம் சேர்ந்து ஊதாத் தண்ணீராக அவள் மணிக்கட்டில் வழிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"யாரு வச்சது?" என்றான் அண்ணன். சத்தம் போடவில்லை. அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம்.

"நாந்தான்டா தம்பி" என்றாள் அம்மா. "போலீசு வந்துருச்சேன்னு கையில கெடச்ச காயிதத்தையெல்லாம் சொருவினேன். என்ன காயிதம்னு எனக்கு என்ன தெரியும்?"

போலீஸ் வந்தபோது அம்மா வீட்டிலேயே இல்லை. அந்த மனநிலையில் அண்ணனுக்கு அது உறைக்கவில்லை.

"எழுத்துத் தெரியாத ஜென்மம்" என்றான். பெற்ற தாயைப் பார்த்து, பத்துப் பேர் முன்னால். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

முளைத்த விதை காத்திருக்காது. வெயில் ஏறினால் வெந்துவிடும். அண்ணன் நோட்டை வரப்பில் விரித்து வைத்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான், அம்மாவோடு சேர்ந்து விதையைத் தெளித்தான். காரியக்காரர் ஆட்களோடு வந்தபோது நாற்றங்கால் முழுக்க விதை விழுந்திருந்தது. அந்த ஆறு மா நிலம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. நோட்டில் ஒட்டியிருந்த விதைகளை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுத் தாள் பிய்ந்து வந்தது.

அதை வாழையிலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் பட்டறைக்குப் போனான். ஃபோர்மேன் நல்ல மனுஷர். புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் கையெழுத்துப் போட்டேனேடா, ஒண்ணுகூடப் படிக்க முடியலியே" என்று தலையில் கைவைத்தாராம். ஆபீசில் இருந்தவர் நோட்டு இல்லாமல் ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் இருந்த பையன் என்பதும் அதற்குள் அங்கே எட்டியிருந்தது. பயிற்சிக்காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் லாரியில் கிளீனராகப் போனான். பிறகு தனியார் ஷெட்டுகளில் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வான். ஆனாலும் சான்றிதழ் வைத்திருந்த சின்னப் பையன்கள் அவனுக்கு மேலே வந்து உட்கார்ந்தார்கள். முதல் மாதக் கிளீனர் கூலியில் எனக்குப் பாவாடை சட்டையும் பையும் வாங்கி வந்தான். "இனிமே இந்த வீட்டுல எழுத்துத் தெரியாம இன்னொருத்தி இருக்கக் கூடாது. நீ படி" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

படித்தேன். படித்து எங்கே போய் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் அலுவலகத்தில், எழுத்தராக. ஒரு மழைக்காலத்தில் ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து லாக் புக் போய்விட்டது என்றான். அவனைக் கண்காணிப்பாளரிடம் கூட்டிப் போனேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஒரு மனு எழுதி வாங்கிக்கங்கம்மா. வருகைப் பதிவேட்டைப் பாத்து டூப்ளிகேட் போட்டுக் குடுத்துடுங்க." அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். பிறகு பழைய கோப்புகளை இறக்கி, அந்த விதி எப்போதிலிருந்து இருக்கிறது என்று தேடினேன். அண்ணன் காலத்திலும் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி மனு எழுதியிருந்தால் போதும். ஃபோர்மேனுக்குத் தெரியவில்லை, அண்ணனுக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டியவர் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நான் கோப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதையும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

காலம் போகப் போக அது வீட்டில் சிரிப்புக் கதையாகிவிட்டது. எந்த விசேஷத்திலும் அண்ணன் ஆரம்பித்துவிடுவான். "எல்லாரும் புள்ளைய படிக்க வைப்பாங்க. எங்கம்மா எம் படிப்பை ஊற வச்சு முளை கட்டிட்டாங்க." பந்தியே சிரிக்கும். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். திருக்கடையூரில் அண்ணனுடைய அறுபதாம் கல்யாணத்தில்கூடச் சொன்னான். எண்பது வயசு அம்மா மாலையும் கழுத்துமாக நின்ற மகனைப் பார்த்து, "எனக்கு என்னடா தெரியும்" என்று சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் நானும் சிரித்தேன். டாக்டர் இப்போது முளைகட்டிய பயறு சாப்பிடச் சொல்கிறார். அந்த வாசனைக்குப் பயந்து நான் அதை வாங்குவதே இல்லை.

அம்மா போன பதினாறாம் நாள் காரியத்திலும் அண்ணன் அந்தக் கதையைச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஆற்றுப் படித்துறையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன்.

"அண்ணே, அந்த நோட்டைச் சாக்குல வச்சது நான்."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்ப நான் அவங்களை..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கதையை அவன் எங்கேயும் சொல்லவில்லை.

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடினோம். அண்ணனுடைய பேத்தி கார் கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள். நாலு நாள் வேலை, இரண்டு நாள் வகுப்பு, முடித்தால் டிப்ளமோ. லாக் புக் எல்லாம் இப்போது செல்போனுக்குள் இருக்கிறதாம். சாப்பிட்டு உட்கார்ந்தபோது அவள்தான் கேட்டாள்.

"தாத்தா, கொள்ளுப்பாட்டி ஒங்க லாக் புக்கை முளை கட்டின கதையைச் சொல்லுங்க. நான் சின்னப் புள்ளையில கேட்டது."

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"இனிமே அது என் கதை இல்லம்மா" என்றான். "பாட்டியைக் கேளு."

எல்லாரும் சிரிக்கத் தயாராக என் பக்கம் திரும்பினார்கள். அம்மா சொன்னபடியே சொல்லியிருக்கலாம். கதையிலாவது அவளை இன்னொரு தரம் சிரிக்க வைத்திருக்கலாம். அண்ணன் கையில் வெற்றிலை அப்படியே நின்றிருந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவனும் காத்திருந்தான்.

"எங்கம்மா வைக்கல" என்றேன். "படிச்ச புள்ள நான்தான் வச்சேன்."

முழுசாகச் சொன்னேன். சீட்டு, சீல், ஜீப், கடைசியில் அந்த நாலு வரி மனுவையும். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து உள்ளே போனான். அம்மாவின் படத்துக்கு முன்னால் அவன் நிற்பது கூடத்திலிருந்தே தெரிந்தது.